நடுநிலை என்னும் ஆயுதம்: போஸ்னியாவும் கூட்டாளிகளின் சண்டையும்

1

1991 செப்டம்பர் 25 அன்று ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் 713ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. யூகோஸ்லாவியாவுக்கு எந்த நாடும் எந்த வகை ஆயுதத்தையும் ராணுவத் தளவாடத்தையும் அனுப்பக் கூடாது என்பது அதன் மையம். எதிர்த்து ஒரு ஓட்டுகூட விழவில்லை. அப்போது கவுன்சிலில் உறுப்பினராக இருந்த இந்தியாவும் ஆதரித்தே வாக்களித்தது. யூகோஸ்லாவியாவின் வெளியுறவு அமைச்சரே அந்தக் கூட்டத்தில் தீர்மானத்தை வரவேற்றுப் பேசினார். சண்டை நடக்கிற இடத்துக்கு ஆயுதம் போகக் கூடாது என்று சொன்னால் அதை யார்தான் மறுக்க முடியும்? நீயும் அடிக்காதே, அவனும் அடிக்க வேண்டாம் என்று சொல்வதுதானே நியாயம்?

நியாயம்தான். ஆனால் கதவைச் சாத்துகிற நேரத்தில் வீட்டுக்குள் யார் கையில் என்ன இருந்தது என்று ஒரு கேள்வி உண்டு. ஐரோப்பாவின் பெரிய ராணுவங்களில் ஒன்று யூகோஸ்லாவிய மக்கள் ராணுவம். சொந்தமாக ஆயுதம் தயாரித்து வெளிநாடுகளுக்கு விற்றுக்கொண்டிருந்த நாடு அது. குடியரசுகளின் கையிலிருந்த பிராந்தியப் பாதுகாப்புப் படைகளின் ஆயுதங்களை 1990லேயே மத்திய ராணுவம் தன் கிடங்குகளுக்கு எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது. அந்த ராணுவம் மெல்ல மெல்ல பெல்கிரேடின், அதாவது மிலோசெவிச்சின் ராணுவமாக ஆகிக்கொண்டிருந்தது. ஆக, தடை வந்தபோது ஒரு தரப்புக்கு அது வெளியிலிருந்து வாங்கத் தேவையில்லை என்பதாகவும், இன்னொரு தரப்புக்கு வாங்கவே கூடாது என்பதாகவும் பொருள்பட்டது. வரவேற்றவர்கள் ஏன் வரவேற்றார்கள் என்பது இப்போது புரிகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தீர்மானம் வந்தபோது போஸ்னியா-ஹெர்சகோவினா தனி நாடே அல்ல. 1992 ஜனவரி 8 அன்று நிறைவேறிய 727ஆம் தீர்மானத்தின் வழியே, முன்னாள் யூகோஸ்லாவியப் பகுதிகள் அனைத்துக்கும், அவற்றின் சுதந்திரம் அங்கீகரிக்கப்பட்டாலும்கூட, தடை பொருந்தும் என்பது உறுதி செய்யப்பட்டது. ஏப்ரலில் ஐரோப்பிய சமூகமும் அமெரிக்காவும் போஸ்னியாவை அங்கீகரித்தன. மே 22 அன்று அது ஐ.நா. உறுப்பினரானது. அதே மே மாதத்தில் மக்கள் ராணுவம் ‘வெளியேறியது’. அதிலிருந்த போஸ்னிய செர்பியர்களும் டாங்கிகளும் பீரங்கிகளும் அங்கேயே தங்கி, ரட்கோ மிலாடிச்சின் தலைமையில் புதிய படையாகப் பெயர் மாற்றிக்கொண்டன. நூற்றுக்கணக்கான டாங்கிகள் ஒரு பக்கம். விரல்விட்டு எண்ணக்கூடியவை மறுபக்கம். ஐ.நா. சாசனத்தின் 51ஆவது பிரிவு உறுப்பு நாடு ஒவ்வொன்றுக்கும் தற்காப்பு உரிமையைக் கொடுக்கிறது. போஸ்னியா ஒரே கதவு வழியே அந்த உரிமையைப் பெற்றுக்கொண்டு, அதே கதவிலேயே அதைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனது.

தெருச்சண்டையை விலக்கிவிட வருகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. ஒருவனுடைய இரண்டு கைகளையும் பின்னால் பிடித்துக்கொண்டு ‘சண்டை வேண்டாம், சண்டை வேண்டாம்’ என்பார்கள். மற்றவன் வசதியாக அடிப்பான். பிடித்துக்கொண்டவர் மனதறிந்து துரோகம் செய்கிறவராக இருக்க வேண்டியதில்லை. நல்ல மனிதராகவே இருக்கலாம்.

2

இந்தத் தடையை நீக்குவதா வேண்டாமா என்பதில்தான் 1993 தொடங்கி 1995 வரை அமெரிக்காவும் அதன் ஐரோப்பியக் கூட்டாளிகளும் மோதிக்கொண்டன. சூயஸ் நெருக்கடிக்குப் பிறகு அவர்களுக்குள் நடந்த மிகக் கசப்பான சண்டைகளில் இது ஒன்று. ‘ஏகாதிபத்தியம்’ என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் கட்டிவிடுகிற நம் பழக்கம் இந்த இடத்தில் உதவாது. அவர்கள் உண்மையாகவே சண்டை போட்டார்கள். எதற்காகப் போட்டார்கள் என்பதே விஷயம்.

பிரிட்டனும் பிரான்சும் ஐ.நா. பாதுகாப்புப் படையில் ஆயிரக்கணக்கான துருப்புகளை வைத்திருந்தன. முற்றுகையிடப்பட்ட நகரங்களுக்கு உணவும் மருந்தும் போக வழி செய்வது அவற்றின் வேலை. போரை நிறுத்துகிற அதிகாரம் அவற்றுக்கு இல்லை. தடையை நீக்கினால் செர்பியப் படைகள் முந்திக்கொண்டு தாக்கும், நிவாரண வண்டிகள் நின்றுபோகும், எங்கள் சிப்பாய்கள் பணயக் கைதிகளாவார்கள் என்பது அவர்கள் வாதம். எல்லாருக்கும் ஆயுதம் கொடுத்தால் கிடைப்பது சமமான கொலைக்களம்தான் என்ற பொருளில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் பேசினார். அவருடைய கட்சியின் முன்னாள் தலைவி மார்கரெட் தாட்சரோ 1993 ஏப்ரலில், ஐரோப்பா படுகொலைக்கு உடந்தைபோல் நடந்துகொள்கிறது என்று வெளிப்படையாகவே சாடினார். போஸ்னியாவுக்காகத் தாட்சர் பேச வேண்டிய நிலை வந்ததைச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பிரிட்டிஷ்-பிரெஞ்சு வாதம் வெறும் சாக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. 1995 மே மாத இறுதியில் நேட்டோ விமானங்கள் பாலே அருகே ஆயுதக் கிடங்குகளைத் தாக்கியபோது, செர்பியப் படைகள் முந்நூற்றுக்கும் அதிகமான ஐ.நா. ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய், சிலரைக் கிடங்குகளின் வாசலிலேயே சங்கிலியால் கட்டிவைத்தன. பயம் கற்பனையல்ல. ஆனால் அந்தப் பயத்தின் தர்க்கத்தைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். பாதுகாக்கப் போனவர்கள் அங்கே இருப்பதால் பாதுகாக்கப்பட வேண்டியவர்களுக்கு ஆயுதம் கொடுக்க முடியாது. அவர்களுக்கு ஆயுதம் இல்லாததால் பாதுகாக்கப் போனவர்கள் அங்கே இருந்தாக வேண்டும். வட்டம் முடிந்துவிட்டது. உள்ளே செத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த வட்டத்தில் பேச இடமில்லை.

அமெரிக்கா என்ன சொன்னது? தடையை நீக்கு, நீக்குகிற இடைவெளியில் செர்பியர்கள் முந்திக்கொள்ளாமல் விமானத்திலிருந்து அடி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் போஸ்னிய மண்ணில் அமெரிக்கத் தரைப்படை கிடையாது. கிளிண்டன் அனுப்ப விரும்பவுமில்லை. ஆயுதம் யாரோ கொடுப்பார்கள், சாவது போஸ்னியர்கள், பிணையாக நிற்பது பிரிட்டிஷ், பிரெஞ்சு சிப்பாய்கள், அறவுணர்வு மட்டும் வாஷிங்டனுடையது. மண்ணில் ஒரு ஆளைக்கூட வைக்காமல் எங்களுக்குப் பாடம் நடத்துகிறவர்கள் என்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் அலென் ஜூப்பே 1994 இறுதியில் எரிந்து விழுந்தது இதனால்தான்.

ஒருவரிடம் ஆள் இருந்தது, அடிக்கிற எண்ணம் இல்லை. இன்னொருவரிடம் அடிக்கிற பேச்சு இருந்தது, ஆள் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சாரயேவோ 1992 ஏப்ரலிலிருந்து முற்றுகையில் கிடந்தது.

3

1993 மே தொடக்கத்தில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் வாரன் கிறிஸ்டோபர் இந்தத் திட்டத்தைச் சுமந்துகொண்டு லண்டன், பாரிஸ், மாஸ்கோ என்று ஊர் ஊராகப் போனார். தலைமை தாங்குகிற வல்லரசின் அமைச்சர் இப்படித்தான் செய்யப் போகிறோம் என்று சொல்வார் என ஐரோப்பியர்கள் எதிர்பார்த்தார்கள். அவரோ நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். வேண்டாம் என்றார்கள். திரும்பிப் போனார். அவர் ஊர் சுற்றிக்கொண்டிருந்தபோதே கிளிண்டனுக்கு உறுதி தளர்ந்துவிட்டது என்பது பின்னர் பலரும் பதிவு செய்த சங்கதி.

இதற்குப் பதிலாகக் கிடைத்தவைதான் ‘பாதுகாப்புப் பகுதிகள்’. ஸ்ரெப்ரெனிட்சாவை ஏப்ரலிலும் சாரயேவோ, டுஸ்லா, ஜெபா, கொராஜ்டே, பிஹாச் ஆகியவற்றை மே மாதத்திலும் கவுன்சில் இப்படி அறிவித்தது. இவற்றைத் தாக்குதல் நடத்தத் துணியாத அளவுக்குக் காக்க ஏறத்தாழ 34,000 துருப்புகள் வேண்டும் என்று ஐ.நா. அதிகாரிகள் கணக்குச் சொன்னார்கள். கவுன்சில் அனுமதித்தது 7,600. ஆயுதமும் இல்லை, ஆளும் இல்லை, பெயர் மட்டும் ‘பாதுகாப்பு’. கூட்டாளிகளின் சண்டையில் யாருக்கும் தோல்வி வராமல் கண்டுபிடிக்கப்பட்ட சமரசம் இது. அதன் விலையைக் கொடுக்க வேண்டியவர்கள் அந்த அறையில் இல்லை.

1993 ஜூன் 29 அன்று தடையை நீக்கும் தீர்மானம் கவுன்சிலில் ஓட்டுக்கு வந்தது. கேப் வெர்டே, ஜிபூட்டி, மொராக்கோ, பாகிஸ்தான், வெனிசுவேலா ஆகிய அணிசேரா நாடுகள் கொண்டுவந்தது அது. அவற்றோடு அமெரிக்காவும் ஆதரித்தது. ஆக ஆறு ஓட்டு. ஒன்பது வேண்டும். எதிர்த்து ஒருவரும் வாக்களிக்கவில்லை. பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா, சீனா உள்ளிட்ட மீதி ஒன்பது பேரும் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள். வீட்டோ என்னும் அசிங்கமான கருவியை எடுக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை. சும்மா இருந்தாலே போதுமானதாக இருந்தது. அதற்கு ஆறு மாதம் முன்பே, 1992 டிசம்பர் 18 அன்று, பொதுச்சபை தற்காப்புக்காகப் போஸ்னியாவைத் தடையிலிருந்து விலக்கும்படி கவுன்சிலைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆதரவு 102, எதிர்ப்பு எதுவுமில்லை, ஒதுங்கியவர்கள் 57. உலகத்தில் யாருமே ‘கூடாது’ என்று வாய்விட்டுச் சொல்லாத ஒரு கோரிக்கை மூன்று வருஷம் நிறைவேறாமலே கிடந்தது. ஒதுங்கி நிற்பதும் ஒரு வினைதான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

போஸ்னியா சர்வதேச நீதிமன்றத்துக்கும் போனது. 1993 செப்டம்பர் ஆணையில் நீதிமன்றம் தடை விஷயத்துக்குள் நுழையவில்லை. ஆனால் போஸ்னியாவின் சார்பில் நியமிக்கப்பட்டிருந்த தற்காலிக நீதிபதி எலிஹு லாடர்பாக்ட் தன் தனிக் கருத்தில் ஒரு சங்கடமான கேள்வியை எழுப்பினார். இனப்படுகொலையைத் தடுக்கும் கடமை எல்லாச் சட்டங்களுக்கும் மேலானது என்றால், அதைத் தடுக்க முடியாமல் ஒருவனைக் கட்டிப்போடுகிற கவுன்சில் தீர்மானத்தின் கதி என்ன? கவுன்சில் உறுப்பினர்கள் தம்மையறியாமலே குற்றத்துக்குத் துணைபோனவர்கள் ஆவார்களா? அந்த ஆண்டு நவம்பரில் பிரிட்டன்மீது வழக்குத் தொடுக்கப் போவதாகப் போஸ்னியா அறிவித்தது. டிசம்பரில் கைவிட்டது. நிவாரணம் வருவதும் சமாதானப் பேச்சு நடப்பதும் யார் தயவில் என்பதை யோசித்தால் காரணம் தேட வேண்டியதில்லை.

4

1994இல் காட்சி மாறியது. மார்ச் மாதம் வாஷிங்டனில் போஸ்னிய அரசுக்கும் போஸ்னியக் குரோட்டுகளுக்கும் ஒப்பந்தமானது. அதுவரை ஒரு வருஷமாக இவர்களும் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தார்கள் என்பதையும், போஸ்னிய அரசின் படைகளும் அதில் குற்றங்கள் புரிந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒடுக்கப்பட்டவர்கள் புனிதர்களாக இருந்தால்தான் அவர்களுக்குத் தற்காப்பு உரிமை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஏப்ரலில் குரோஷிய அதிபர் டுஜ்மன் அமெரிக்கத் தூதர் பீட்டர் கால்பிரெய்த்திடம் ஒன்று கேட்டார்: ஈரானிலிருந்து ஆயுதம் எங்கள் வழியாகப் போஸ்னியாவுக்குப் போனால் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா? இது பற்றி எனக்கு உத்தரவு எதுவும் இல்லை என்று பதில் சொல்லும்படி வாஷிங்டன் அவருக்குச் சொல்லி அனுப்பியது. டுஜ்மனுக்குப் புரிந்தது. ஆயுதம் வந்தது. வழிவிட்ட கூலியாகக் குரோஷியா தன் பங்கை எடுத்துக்கொண்டது. ஈரானைத் தனிமைப்படுத்து என்று உலகத்துக்கே சொல்லிக்கொண்டிருந்த அமெரிக்கா, தன் கூட்டாளிகளுக்கும் தன் சொந்தக் காங்கிரசுக்கும் தெரியாமல் ஈரானிய ஆயுதத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டது. 1996 ஏப்ரலில் பத்திரிகையில் வெளியாகி, காங்கிரஸ் விசாரணை வரைக்கும் போன கதை இது.

ஆயுதத் தடை என்பதன் உண்மையான இயக்கம் இங்கேதான் வெளிப்படுகிறது. ஆயுதத்தின் வரவை அது முற்றாக நிறுத்திவிடுவதில்லை. யார் வழியாக, யாருக்கு, எந்த அளவு, எப்போது என்று தீர்மானிக்கிற உரிமையை அது சிலர் கையில் கொடுக்கிறது. வெளிச்சந்தையை மூடினால் பின்வாசல் வைத்திருப்பவன் எஜமானனாகிறான்.

அமெரிக்கக் காங்கிரசில் தடை நீக்கத்துக்கு ஆதரவு ஏறிக்கொண்டே இருந்தது. குடியரசுக் கட்சியின் ராபர்ட் டோலும் ஜனநாயகக் கட்சியின் ஜோசப் லீபர்மனும் இதை முன்னெடுத்தார்கள். உண்மையான கோபம் இருந்தது. 1996 தேர்தலும் இருந்தது. இந்த நெருக்குதலில் கிளிண்டன் அரசு 1994 நவம்பர் 12 முதல் அட்ரியாடிக் கடலில் போஸ்னியாமீதான ஆயுதத் தடையை அமல்படுத்தும் வேலையிலிருந்து விலகிக்கொண்டது. கூட்டணியின் ஒரே கடற்காவலில், தலைமை நாட்டின் கப்பல்கள் மட்டும் ஒரு குறிப்பிட்ட சரக்கைப் பார்க்காது. ராணுவரீதியில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் நேட்டோ எடுத்த முடிவை ஒரு நாடு தன் பாராளுமன்றத்துக்காகத் தனியே முறித்தது என்று லண்டனும் பாரிசும் கொதித்தன. அதே மாதம் பிஹாச் முற்றுகைக்குள் தவித்துக்கொண்டிருந்தது.

5

தடையை நீக்கினால் எங்கள் துருப்புகளை விலக்கிக்கொள்வோம் என்று பிரிட்டனும் பிரான்சும் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தன. விலகுவது லேசான காரியமல்ல. மலைப்பாதைகளில் சிதறிக் கிடக்கும் படைகளை வெளியே கொண்டுவர நேட்டோ தனித்திட்டம் தயாரித்தது. அதற்கு இருபதாயிரம் அளவில் தரைப்படை தருவதாக அமெரிக்கா ஒப்புக்கொண்டிருந்தது. இப்போது சங்கிலியைப் பாருங்கள். காங்கிரஸ் தடையை நீக்கினால் ஐரோப்பியர்கள் கிளம்புவார்கள். அவர்கள் கிளம்பினால் அமெரிக்கப் படை போஸ்னியாவுக்குப் போயாக வேண்டும். போஸ்னியாவைக் காப்பாற்ற அனுப்ப மறுத்த படையை, போஸ்னியாவைக் கைவிட்டு ஓடுகிறவர்களைக் காப்பாற்ற அனுப்ப வேண்டும்! இந்த அவமானம்தான் 1995 கோடையில் வாஷிங்டனை அசைத்த காரணங்களில் முக்கியமானது.

அதற்குள் ஸ்ரெப்ரெனிட்சா விழுந்தது. 1993இல் அது பாதுகாப்புப் பகுதியானபோது அங்கிருந்த போஸ்னியப் போராளிகள் ஆயுதங்களை ஐ.நா.விடம் ஒப்படைக்க வேண்டும் என்று உடன்பாடு. முழுசாக ஒப்படைக்கவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் ஒப்படைத்தவை ஐ.நா. பூட்டில் இருந்தன. 1995 ஜூலை 6 அன்று செர்பியத் தாக்குதல் தொடங்கியதும் அந்த ஆயுதங்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். டச்சுப் படை மறுத்துவிட்டது. உங்களைக் காப்பது எங்கள் பொறுப்பு என்பதே மறுப்பின் தர்க்கம். ஜூலை 11 அன்று மிலாடிச் நகரத்துக்குள் நடந்து வந்தார். அடுத்த சில நாட்களில் எட்டாயிரம் அளவிலான ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். அது இனப்படுகொலை என்று முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான குற்றவியல் தீர்ப்பாயமும், 2007இல் சர்வதேச நீதிமன்றமும் தீர்ப்பளித்தன.

நாட்டளவில் 713ஆம் தீர்மானம் செய்ததை ஒரு சின்ன ஊரின் அளவில் அந்தப் பூட்டு செய்தது.

ஜூலை 26 அன்று அமெரிக்க செனட் 69-29 என்ற கணக்கிலும், ஆகஸ்ட் 1 அன்று பிரதிநிதிகள் சபை 298-128 என்ற கணக்கிலும் தடையைத் தனியே நீக்கும் மசோதாவை நிறைவேற்றின. ஆகஸ்ட் 11 அன்று கிளிண்டன் அதை வீட்டோ செய்தார். 1993இல் கவுன்சிலில் நீக்கத்துக்குக் கை தூக்கியதும் அவருடைய அரசுதான் என்பது நினைவிருக்கட்டும். அந்த மாதக் கடைசியில் சாரயேவோ சந்தையில் குண்டு விழுந்து 43 பேர் செத்த பிறகு நேட்டோ விமானங்கள் கிளம்பின. நவம்பரில் டேய்டனில் நாடு 51-49 என்று இரண்டு கூறுகளாக ஒப்பந்தமானது. இன ஒழிப்பு நடத்தி எடுத்துக்கொண்டதில் பெரும்பகுதிக்குச் சட்டப் பெயர் கிடைத்தது.

ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே, நவம்பர் 22 அன்று, 1021ஆம் தீர்மானத்தின் மூலம் கவுன்சில் தடையைப் படிப்படியாக விலக்க முடிவெடுத்தது. 14 பேர் ஆதரவு, ரஷ்யா ஒதுங்கியது. கொலை நடந்துகொண்டிருந்தபோது முடியவே முடியாது என்றது, முடிந்தபிறகு ஒரே நாளில் முடிந்தது. அதற்கப்புறமும் கூட்டாளிகளின் சண்டை ஓயவில்லை. போஸ்னியப் படைக்குப் பயிற்சியும் ஆயுதமும் கொடுக்கும் திட்டத்தை அமெரிக்கா தொடங்கியது. ஐரோப்பியர்கள் பெரும்பாலும் முகம் சுளித்தார்கள். இப்போது நிபந்தனை வேறு: ஈரான் தொடர்பை அறுக்க வேண்டும். 1996இல் ஈரானோடு நெருக்கமானவர் என்று கருதப்பட்ட துணைப் பாதுகாப்பு அமைச்சரை நீக்கும்வரை, கப்பலில் வந்த அமெரிக்க டாங்கிகள் இறக்கப்படவில்லை. இரண்டு வருஷம் முன்பு கண்ணை மூடிக்கொண்டு அனுமதித்த அதே தொடர்புதான் அது.

6

1999 நவம்பரில் வெளியான ஸ்ரெப்ரெனிட்சா பற்றிய ஐ.நா. அறிக்கை, கோஃபி அன்னான் பெயரில் வந்தது, தடை இருந்த ராணுவச் சமமின்மையை உறைய வைத்ததையும், சாசனம் அளித்த தற்காப்பு உரிமையைப் போஸ்னியாவிடமிருந்து நடைமுறையில் பறித்ததையும் ஒப்புக்கொண்டது. நல்லது. ஆனால் இதில் நமக்கு என்ன இருக்கிறது?

இடதுசாரிகள், அமைதிவாதிகள், ஏகாதிபத்திய எதிர்ப்பாளர்கள் என்று நம்மை அழைத்துக்கொள்கிறவர்களுக்கு போஸ்னியா ஒரு தொண்டைமுள். ஆயுதம் வேண்டாம் என்பது நம் நிலைப்பாடு. அமெரிக்கா சொல்வதற்கு எதிரே நிற்பது நம் அனிச்சை. டிட்டோவின் நாடு, அணிசேரா இயக்கத்தை நேருவோடும் நாசரோடும் சேர்ந்து தொடங்கிய நாடு என்ற பழைய பாசமும் இருந்தது. இந்த மூன்றும் சேர்ந்து, உலகெங்கும் இடதுசாரிகளில் பலரைச் சாரயேவோ விஷயத்தில் மௌனிகளாக்கின. சிலரை மிலோசெவிச்சின் வக்கீல்களாகவே ஆக்கின. அவர்கள் மறந்தது ஸ்பெயினை. 1936 ஆகஸ்டில் பிரான்சும் பிரிட்டனும் ‘தலையிடாமை’ ஒப்பந்தம் கொண்டுவந்தன. ஜெர்மனியும் இத்தாலியும் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு பிராங்கோவுக்கு ஆயுதம் அனுப்பின. கட்டுப்பட்டது குடியரசின் கைதான். அன்று தடையை நீக்கு என்று முழங்கியவர்கள் இடதுசாரிகள். அறுபது வருஷத்துக்குள் அந்த முழக்கம் டோலுக்கும் தாட்சருக்கும் கைமாறிப் போனதை வரலாற்றின் நகைச்சுவை என்று மட்டும் கடந்துவிட முடியாது. நாம் காலி செய்த இடம் அது.

இதிலிருந்து ஆயுதத் தடையே தவறு என்ற முடிவுக்கு நான் வரவில்லை. 1977இல் நிறவெறித் தென்னாப்பிரிக்காமீது கவுன்சில் கட்டாய ஆயுதத் தடை விதித்தது. அங்கே தடை ஆயுதம் குவித்து வைத்திருந்த அரசை நோக்கி இருந்தது, அதற்கு எதிரே நின்றவர்களை நோக்கி அல்ல. இரண்டுக்கும் பெயர் ஒன்று, வேலை வேறு. போஸ்னியாவுக்கு 1992இலேயே ஆயுதம் போயிருந்தால் ஸ்ரெப்ரெனிட்சா நடந்திருக்காது என்று அடித்துச் சொல்லவும் யாராலும் முடியாது. போர் இன்னும் பரவியிருக்கலாம் என்ற வாதத்தில் கனம் இருக்கிறது. ஆனால் அந்த ஆபத்தை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை யாருடையது? லண்டனும் வாஷிங்டனும் பாரிசும் அதைத் தங்களுடையது என்று எடுத்துக்கொண்டன. தங்களுக்குள் மூன்று வருஷம் உரத்துச் சண்டை போட்டதனாலேயே, போஸ்னியர்களுக்காக யாரோ வாதாடிக்கொண்டிருக்கிறார்கள் என்ற தோற்றம் உலகத்துக்குக் கிடைத்தது. அமெரிக்கா பக்கம் நின்றவர்கள் பேச்சோடு கடமை முடிந்ததாக நினைத்தார்கள். ஐரோப்பா பக்கம் நின்றவர்கள் ரொட்டி லாரியோடு கடமை முடிந்ததாக நினைத்தார்கள்.

அடுத்த முறை எங்காவது ‘இரு தரப்பும் ஆயுதத்தைக் கீழே போடட்டும்’, ‘வெளியிலிருந்து யாரும் ஆயுதம் தரக் கூடாது’ என்ற வாசகத்தில் கையெழுத்துக் கேட்டு ஒரு தாள் நம்மிடம் வரும். வாசகம் அழகாகவே இருக்கும். பேனாவைத் திறக்கும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுவது நல்லது. இந்த நேரத்தில் கிடங்குச் சாவி யாரிடம் இருக்கிறது? பின்வாசல் யாருடையது? ஆயுதத்தைக் கீழே போட்டவனைக் காக்கிறேன் என்று சொல்கிறவர், அவன் அதைத் திருப்பிக் கேட்கிற நாளில் என்ன பதில் வைத்திருக்கிறார்?